சீட் போட்டு முடித்த கேம்

கேள்வி: மூன்று வாரமாக ஒரே பாஸ் ஃபைட்டில், அதாவது பெரிய வில்லனோடு மோதும் கட்டத்தில், மாட்டிக்கொண்டு, கடைசியில் உயிர் குறையாத சீட் (cheat, கேமின் விதியை மீறும் குறுக்குவழி) போட்டு கேமை முடித்துவிட்டேன். ‘அது முடித்த கணக்கிலேயே வராது’ என்கிறார்கள் நண்பர்கள். நான் செய்தது தப்பா?

பதில்: தப்பில்லை. தனியாக ஆடும் கேம், எதிரில் நிற்பது வெறும் புரோகிராம். யாருடைய கணக்கில் வராது என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள்.

சீட் என்பதையே முதலில் கேம் செய்தவர்கள்தான் உள்ளே வைத்தார்கள். 1986-இல் கிரேடியஸ் என்ற கேமை நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு, தான் சோதிக்க வேண்டிய கேமையே முடிக்க வரவில்லை, அவ்வளவு கடினம். அதனால் ஆயுதங்கள் மொத்தமாகக் கைக்கு வரும்படி ஒரு பட்டன் வரிசையை வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அதே வரிசைதான் அப்புறம் காண்ட்ரா கேமில் 3 உயிரை 30 ஆக்கியது. இப்போது இந்த உதவியை மெனுவிலேயே வெளிப்படையாகக் கொடுக்கிறார்கள். 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாமலே ஆடலாம். ஹேடிஸ் கேமில் காட் மோட் என்ற வசதியைப் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், இந்தக் குறைப்பு 80 சதவீதம் வரை போகும். விரல் சொன்னபடி கேட்காதவர்கள், ஒரு கையால் ஆடுபவர்கள் எல்லாம் இப்படித்தான் ஒரு கதையின் முடிவைப் பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ‘கணக்கில் வராது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

ஆனால் ஒன்று. மனம் நிம்மதியாக இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். மூன்று வாரம் ஒரே பாஸிடம் அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் இல்லை, அதை வீழ்த்தும் அந்த நொடி உங்களுக்கு வேண்டியிருந்தது. செகிரோ மாதிரி கேமில் எளிது, கடினம் என்ற தேர்வே கிடையாது. எதிரியின் அசைவைப் படித்து, வாள் இறங்கும் நொடியில் தடுப்பதில்தான் அதன் இன்பம் இருக்கிறது. உயிர் குறையாது என்று ஆனபின் எதற்குப் படிக்க வேண்டும், பட்டனைத் தட்டிக்கொண்டே நின்றால் போதுமே! உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆன்லைனில் பலரோடு ஆடும்போது சீட் போடுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக், தானே குறிபார்க்கும் எய்ம்பாட், எதுவானாலும் சரி, எதிரில் இருப்பவர் வேலையெல்லாம் முடித்து ஒரு மணி நேரம் ஆட வந்த மனிதர், அந்த ஒரு மணி நேரத்தைத் திருடுகிறீர்கள். அக்கவுன்ட்டைத் தடை செய்தால் நான் பரிந்து பேச மாட்டேன். தனியாக ஆடுபவர்களும் கண்ட இடத்தில் சீட் ஃபைல் இறக்க வேண்டாம், பாஸ்வேர்டைத் திருடும் வைரஸும் அதோடு சேர்ந்து வரலாம்.

சரி, பழைய சேவ், அதாவது அந்தச் சண்டைக்கு முன் பதித்து வைத்த கட்டம், இருக்கிறதா? அந்த பாஸிடம் திரும்பப் போங்கள். சீட்டை அணைக்காமலே, ஒரு அடிகூட அடிக்காமல், பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: எந்த வீச்சுக்கு முன் தோளைத் தூக்குகிறது, எதற்கப்புறம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. ஸ்பீட்ரன் ஆடுபவர்களும் (கேமை முடிந்தவரை வேகமாக முடிக்கப் பார்ப்பவர்கள்) சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை நின்ற நொடியிலேயே பதித்து வைப்பது) வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஆடித்தான் பழகுகிறார்கள். அப்புறம் சீட்டை அணைத்துவிட்டு ஆடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.