கலப்புத் தற்காப்புக் கலை கைகொடுக்குமா?

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள் ஹட்டனில் டியூஷன் முடித்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிடுகிறது. நான் தினமும் டோர்ச்சோடு போய்க் கூட்டிவருகிறேன். கஜுகென்போ என்ற கலப்புத் தற்காப்புக் கலை தெருச் சண்டைக்கென்றே உருவானது என்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது? நிஜத்தில் உதவுமா?
- ஒரு தாய், நோர்வூட்

பதில்: அதன் பிறப்பு பெயரிலேயே இருக்கிறது. ‘க’ கராத்தே, ‘ஜு’ ஜூடோவும் ஜுஜிட்சுவும், ‘கென்’ கென்போ, ‘போ’ சீனக் குத்துச்சண்டை. 1940களின் பிற்பகுதியில் ஹவாயின் ஹொனலூலு நகரில், அடிதடிக்குப் பெயர்போன பலாமா என்ற ஏழைக் குடியிருப்பில், ஏட்ரியானோ எம்பெராடோ உள்ளிட்ட ஐவர் ஒருவர் கலையிலுள்ள ஓட்டையை மற்றவர் தாக்கிக் கண்டுபிடித்து, அதை அடைத்து அடைத்து இதை உருவாக்கினார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் அன்னாசித் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்களின் பிள்ளைகள் அங்கே அண்டை அயலாக வளர்ந்ததால்தான் இத்தனை கலைகளும் ஓரிடத்தில் சேர்ந்தன. காமன் கூத்தைக் கடல்கடந்து கொண்டுவந்த லயத்துச் சனங்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

உதவுமா என்பது வேறு கேள்வி. ஐந்து கலைகளைக் கலந்துவிட்டதாலேயே ஒன்று பலித்துவிடாது. அந்த ஐவரும் நிஜமாகவே அடித்து, அடி வாங்கிச் சோதித்ததுதான் அதன் பலம். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால், அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளிப் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்பது பல கலைகளிலும் உள்ள பாடம். தோழி பட்டும் படாமலும் பிடிக்கும் வகுப்பில் இது ஒவ்வொரு முறையும் பலிக்கும். பிடித்தவன் இறுக்கிக்கொண்டு மறு கையால் பின்னலையும் பற்றினால் என்ன செய்வது என்பதை, எதிர்ப்பவரோடு பழகிய உடம்பு மட்டுமே அறியும். ஜூடோவில் ‘ரண்டோரி’ என்று, இருவரும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டும் பயிற்சி இருப்பது இதற்காகத்தான். மழையில் நனைந்த தேயிலைச் சரிவில், செருப்புக் காலோடு தலை உயரத்துக்கு உதைப்பதையெல்லாம் மறந்துவிடுங்கள்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் காற்றை மட்டும் குத்திவிட்டு வரிசையாகக் கலைந்தால், பெயர் எதுவானாலும் அது உடற்பயிற்சிதான். கத்தியைக் கண்டால் ஓடச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரை நம்பலாம். வெறுங்கையால் பறிக்கக் கற்றுத்தருவதாகப் பெருமை பேசுபவரிடம் எனக்கு நம்பிக்கையில்லை. நல்ல வகுப்பே அமைந்தாலும் கை பழக மாதக்கணக்காகும். அதுவரை டோர்ச்சோடு பஸ் தரிப்பிடத்துக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.