‘வாட் டூ யூ டூ?’ என்று கேட்டால்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். 2021-லிருந்து ஒரு மாங்கூழ் ஆலையில் பழம் தரம் பிரிக்கும் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஓசூரில் ஒரு இன்டர்வியூ. “வாட் டூ யூ டூ?” என்று கேட்டார்கள். “ஐ ஆம் சார்ட்டிங் மேங்கோஸ்” என்றேன். கேட்டவர் மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு, “நவ்?” என்று சிரித்தார். எனக்குக் கூசிப்போனது. எங்கே ‘ஐ சார்ட்’, எங்கே ‘ஐ ஆம் சார்ட்டிங்’? டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்தும் சமயத்தில் வாயில் வருவதில்லை.
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொன்னது புரியாமல் ஒன்றும் சிரிக்கவில்லை. ஆனால் உங்கள் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழம் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாகிறது. அவர் கேட்டது தொழிலை. அந்த நிமிடத்து வேலையைக் கேட்பதென்றால் “வாட் ஆர் யூ டூயிங்?” என்றிருப்பார். கேள்வி எந்த உருவில் வருகிறதோ, பதிலையும் பெரும்பாலும் அந்த உருவிலேயே திருப்பிவிடலாம்.

அட்டவணையை மூடி வையுங்கள். சிக்கல் நம்முடைய ‘கிறேன்’ செய்கிற வேலை. “மாம்பழம் பிரிக்கிறேன்” என்றால் அது பிழைப்பாகவும் இருக்கலாம், கையில் இப்போது இருக்கும் வேலையாகவும் இருக்கலாம். தமிழில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே கூடையில் போட முடியாது.

இந்தப் பிரிவினை நமக்குத் தெரியாததும் இல்லை. “தை மாசம் மா பூக்கும்” என்கிறோம். தோப்புக்குள் போய் நின்று பார்த்தால் “மா பூத்துக்கொண்டிருக்கிறது” என்கிறோம். முதலாவது வருடா வருடம் நடப்பது, இரண்டாவது கண்ணெதிரே நடப்பது. ‘பூக்கும்’ என்பது ஆங்கிலத்தில் ‘மேங்கோ ட்ரீஸ் ஃப்ளவர்’. மற்றது ‘ஆர் ஃப்ளவரிங்’. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களும், எக்காலத்துக்கும் பொருந்துவதற்கு ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’ என்றுதான் காட்டு தருகிறார்கள். ‘தி சன் ரைசஸ்’ அதே ரகம்.

அதனால் வாய் திறக்கும் முன் ‘கிறேன்’-ஐ ஒருமுறை மாற்றிப் பாருங்கள். “காலையில் லோடு வந்ததும் பெங்களூரா ரக மாம்பழத்தைத் தனியாகப் பிரிப்பேன்” என்று சொல்ல வருகிறதா? அப்படியென்றால் ‘ஐ சார்ட்’. “பிரித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு” என்று போனில் சொல்வீர்களே, அதுதான் ‘ஐ ஆம் சார்ட்டிங்’.

இதில் ஒரு நெளிவு உண்டு. பள்ளியில் எல்லோரும் எழுதிய லீவ் லெட்டரை நினைத்துப் பாருங்கள்: ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. இருபத்தைந்து வருடம் அந்த வரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட ஏன் ‘ஐ சஃபர்’ இல்லை என்று கேட்டதில்லை. காய்ச்சல் நாலு நாளில் போய்விடும், அதனால் ‘சஃபரிங்’. ஆஸ்துமா கூடவே இருப்பது, அதற்கு ‘ஐ சஃபர் ஃப்ரம் ஆஸ்துமா’. ஆக, ‘இங்’ என்பது இந்த நொடிக்கு மட்டும் இல்லை. கொஞ்ச நாளைக்கு என்று இருப்பதற்கும் அதுதான். உங்கள் ஆலைக்கு மாம்பழ சீசனுக்கு மட்டும் வரும் பெண், வீட்டில் உட்கார்ந்துகொண்டே “ஐ ஆம் ஒர்க்கிங் இன் எ பல்ப் ஃபேக்டரி” என்றாலும் சரிதான். நீங்கள் நிரந்தரம், ஆகவே ‘ஐ ஒர்க்’.

எத்தனை வருடமாக என்று கேட்டால்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். “2021-லிருந்து வேலை செய்கிறேன்” என்பதை ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2021’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழுக்கு அங்கேயும் ‘கிறேன்’ போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்குத் தனி உருவம்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடமே செய்துகொள்ளுங்கள், தப்பில்லை.

அப்புறம் ‘நோ’ (தெரியும் என்கிற know), ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வான்ட்’ மாதிரி சொற்களோடு ‘இங்’ வேண்டாம். ‘ஹேவ்’ கொஞ்சம் குறும்புக்கார வார்த்தை. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றால் தம்பிகளையும் இலையில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்த முறை அதே கேள்வி வந்தால்: “ஐ சார்ட் மேங்கோஸ் இன் எ பல்ப் ஃபேக்டரி. ஐ ஹேவ் பீன் டூயிங் இட் சின்ஸ் 2021. ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப் இன் ஓசூர்.” கடைசி வாக்கியத்தில் ஏன் ‘லுக்கிங்’ என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வேலை கிடைக்கிறவரைக்கும்தானே தேடப்போகிறீர்கள்?