4 டெராபைட் வட்டில் பாதிதான் தெரிகிறது: பதில்

வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் சென்டர் சர்வருக்காக லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கிய 4 டெராபைட் வட்டில், உபுண்டு லினக்ஸ் 2.2 டெராபைட்டுக்கு மேல் பகிர்வு (பார்ட்டிஷன்) போட விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரரைத் திட்ட வேண்டாம், வட்டு நல்ல வட்டுதான். அதில் இருப்பது எம்பிஆர் என்ற பழைய வகைப் பகிர்வு அட்டவணை. வட்டின் சிறு துண்டான செக்டரின் எண்ணுக்கு அது 32 பிட்தான் ஒதுக்குகிறது. 512 பைட் செக்டர் என்றால் 2.2 டெராபைட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். ஜிபிடி என்ற புது வகை அட்டவணைக்கு மாறுங்கள்.

முதலில் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைப் போட்டு, அளவை வைத்து எது புது வட்டு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாணவர் கோப்புகள் உள்ள வட்டைத் தொட்டுவிட்டால் கதை கந்தல். அப்புறம் பகிர்வு போடும் கருவியான எஃப்டிஸ்கில் (fdisk) ஜி (புது ஜிபிடி அட்டவணை), என் (புது பகிர்வு), டபிள்யூ (வட்டில் எழுது). இதே வேலை செய்யும் பார்ட்டட் (parted) கருவி வேண்டாம் என்பேன். அது ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே எழுதிவிடும். எஃப்டிஸ்க் டபிள்யூ அழுத்தும் வரை வட்டைத் தொடாது, மனம் மாறினால் கியூ அழுத்தி வெளியேறினால் போதும்.

அடுத்து அந்தப் பகிர்வுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறையில் ஃபார்மட். பூட் ஆகும்போது எந்த வட்டை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எஸ்டிபி1 (sdb1) என்று பகிர்வின் பெயரை எழுதாதீர்கள், ரீபூட்டில் அந்தப் பெயர் மாறலாம். பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணைப் போடுங்கள், கூடவே நோஃபெயில் (nofail) என்ற விருப்பம். அது இல்லாமல் வட்டு கழன்றிருந்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். ரீபூட்டுக்கு முன், வட்டை இணைக்கும் மவுண்ட் கட்டளையை ஏ விருப்பத்தோடு (mount -a) ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அந்த வரியை இங்கே ஒட்டுங்கள்.