"இயலாமை" என்ற சொல்லோடு தொடங்காதீர்கள்
முல்லைத்தீவில் இயலாமையுள்ள பிள்ளைகளின் கல்வி பற்றிய உங்கள் ஆய்வுக்காகப் பெற்றோரிடம் வினாக்கொத்தை நீட்டியதும், அவர்கள் "எங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று முடித்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். கேள்வியை மாற்றுங்கள். யுனிசெஃபும், இயலாமை பற்றிய புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா. சார்ந்த வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்ட வினாத்தொகுதி, பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதில் எவ்வளவு சிரமம் என்றுதான் கேட்கிறது. 5 முதல் 17 வயதினருக்குத் தனிப் பகுதி உண்டு; தாயே பதில் சொல்லலாம்.

இன்னொன்று. போர் முடிந்தது 2009 மே மாதம். இன்று வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஷெல் துண்டை உடலில் சுமந்து வாழ்வது அவர்களுடைய அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம். "காயம் எப்படிப் பட்டது?" என்று முதல் நாளே கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. முற்றத்தில் அமர்ந்து, தரும் தேநீரைக் குடியுங்கள்.

பள்ளியில் சேராத பிள்ளை அதிபரின் பதிவேட்டில் இருக்காது. வீடுவீடாகத்தான் போக வேண்டும். பள்ளி மலசலகூடத்துக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்பதையும் நீங்களே அளந்து பாருங்கள்.