கழுதைக் குளம்பை ஒரே நாளில் வெட்ட வேண்டாம்

செங்கல் சூளையிலிருந்து மீட்ட கழுதையின் முன்னங்குளம்புகள் செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருக்கின்றன, லாடம் கட்டுபவரிடம் கொடுத்து ஒரேயடியாக வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவ்வளவு வளர்ந்த குளம்புக்கு ஏற்ப உள்ளே எலும்பும் தசைநாரும் நிலை மாறியிருக்கும். ஒரே நாளில் வெட்டினால் ரத்தம் வரலாம், நடக்கவும் முடியாது. சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். முடிந்தால் முதலில் எக்ஸ்ரே. குதிரைக்கு வெட்டிப் பழகியவர் என்றால் ஒன்று சொல்லிவையுங்கள்: கழுதைக் குளம்பு இயல்பிலேயே செங்குத்தானது, குதிரைக் குளம்பு போலச் சாய்க்கக் கூடாது.

அடிக்குளம்பில் கறுப்பாக, நாற்றத்தோடு இருப்பது அழுகல். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்டுங்கள். கழுதைக் குளம்பு ஈரத்தை எளிதில் உறிஞ்சும்.

அப்புறம் தீனி. பாவம் மெலிந்திருக்கிறதே என்று தவிடு, ரொட்டி, சோறு போட்டுவிடாதீர்கள். அதனாலேயே குளம்புக்குள் வீக்கம் வரலாம். வைக்கோலும் காய்ந்த புல்லும் போதும். குளம்பு சூடாக இருந்தாலோ, கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி பலமாக அடித்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா?