எழுதிவைத்த உரிமைக்கு எதற்கு வழக்கு?

கேள்வி: அடிப்படை உரிமைகளை 1950-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதற்குமேல் நீதிமன்றங்கள் புதிதாக என்ன தந்துவிட்டன? (ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: எழுதிவிட்டார்கள், சரி. அதற்கு என்ன பொருள் என்ற சண்டை அந்த வருடமே தொடங்கிவிட்டது ஐயா!

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனை விசாரணையின்றிச் சிறையில் வைத்திருந்தது மதராஸ் அரசு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 21-ஆவது பிரிவு. அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டாமா என்று கேட்டார் அவருடைய வக்கீல் எம்.கே. நம்பியார். நாடாளுமன்றம் போட்ட சட்டம் இருக்கிறது, அது போதும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அடைத்த காரணத்தை நீதிமன்றத்திடமே சொல்லக் கூடாது என்ற விதி மட்டும் ரத்தானது. (அப்படியும் ஒரு விதி போட்டிருந்தார்கள், பாருங்கள்!)

நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற விசாரணை எல்லாம் வேண்டும் என்று எழுதினார். நான் அடிக்கடி எடுத்துப் படிக்கும் தீர்ப்பு அது.

காரணம் சொல்லாமல் தன் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி போட்ட வழக்கில்தான், 1978-இல் அந்தக் கருத்து வென்றது. நடைமுறை நியாயமாக இருந்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். 2017-இல் அந்தரங்கமும் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், அதே நம்பியாரின் மகன்.