மரம் நட்டால் போதாதா, ‘சூழல் நீதி’ என்று தனியாக ஒன்று எதற்கு?

பல்கலைக்கழக ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரம் நடுவதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் வளவில் மாவும் பலாவும் நன்றாகத்தான் நின்றன. கெட்டது கிணறு.

நான் சுன்னாகம் பக்கம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் வருசம் முழுக்கக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் ஓட்டையும். ஓரிடத்தில் ஊற்றியது அங்கேயே நிற்காது, அடுத்த குறிச்சிக் கிணற்றுக்கும் போகும். அப்படிப்பட்ட நிலத்தின் மேல்தான் எண்ணெயில் ஓடும் மின்நிலையம் இருந்தது.

எங்கள் கிணற்றில் முதலில் எண்ணெய் மணம் வந்தது. பிறகு வாளியில் அள்ளி வைத்தால் மேலே படலம் மினுங்கியது. அம்மா ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னபோது, “மணக்குது எண்டால் காணாது அம்மா, றிப்போட் இருக்கோ?” என்று கேட்டார்கள். றிப்போட் எங்கே எடுப்பது, காசு யார் கட்டுவது, எந்தப் போத்தலில் கொண்டுபோவது, ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயைக் கசியவிட்டவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் கேட்ட நீதி எனக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2015 தொடக்கத்தில் சனம் வீதிக்கு வந்து போராடியது. ஒரு தரப்பு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று ஆபத்தாக ஒன்றும் இல்லை என்றது. இவர்கள் பிடுங்குப்பட்டுக்கொண்டிருக்க நாங்கள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் காத்திருந்தோம். வசதி உள்ளவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கினார்கள். கூலிக்குப் போகிறவர்கள் பவுசர் வரும் நேரம் தெரியாமல் அன்றைய வேலையை விட்டார்கள். தண்ணீர் கெட்டது எல்லோருக்கும்தான், சம்பளம் போனது சிலருக்கு மட்டும்.

தோட்டக்காரர் கொட்டும் யூரியாவும் மலக்குழிகளும் கிணற்றைக் கெடுக்கவில்லையா என்று உடனே யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். சுன்னாகம் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுப் பிரச்சினை இந்த எண்ணெய்க்கு முந்தியது. ஆனால் யூரியா வாளியில் படலம் விடாது. போர்க்காலத்தில் குண்டு விழுந்து எண்ணெய்த் தாங்கி உடைந்ததே என்பீர்கள். சரி, குண்டு போட்டதும் நாங்கள் இல்லையே! கரண்ட் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆட்கள் நாங்கள், கரண்டின் அருமையை எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

2019 ஏப்ரலில் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும், பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கூடியது 40,000 ரூபாய். வழக்குப் போட்டவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சூழல் ஆர்வலர். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிலருக்கே பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் தண்ணீர் தண்ணீர் என்று முழங்கிய எங்கள் அரசியல்வாதிகள் அந்த வழக்கைப் போடவில்லை.

ஒப்படைக்கு அந்தத் தீர்ப்பைத் தேடி வாசியுங்கள். ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும், ஆனாலும் எந்த அரச நிறுவனத்துக்கு எந்தக் கடமை இருந்தது என்று விபரமாக எழுதியிருக்கிறார்கள்.

40,000 ரூபாயால் ஈடுகட்ட முடியாத இன்னொரு நட்டமும் இருக்கிறது. தங்கச்சியின் சீதனக் காணியை விற்கப் போனபோது, “சுன்னாகமோ, எண்ணெய்க் கிணறோ?” என்று சிரித்துக்கொண்டே தரகர் விலையை அடித்துக் குறைத்தார். அதே ஆள் அடுத்த மாதம் பக்கத்துக் காணியை “நல்ல தண்ணி” என்று சொல்லி கனடாக்காரர் ஒருவருக்கு விற்றார். காணித் தரகர்களைப் பற்றி யாராவது கேள்வி கேளுங்கள், அதற்கு இதைவிட நீளமாக எழுதுகிறேன்.